மூடி மட்டும் பார்த்த வீடு

ஒரு ஊரில் ஒரு மூடி இருந்தது. பெரிய மூடி ஒன்றும் இல்லை. கட்டைவிரல் நகத்தளவு, கறுப்பு ரப்பர். தண்ணீர்க் குடத்தை மூடுமா என்றால் மூடாது. ஊறுகாய் ஜாடிக்கும் ஆகாது. அது மூடியிருந்தது ஒரு புத்தம்புது கிராபிக்ஸ் கார்டின் வாயை.

கிராபிக்ஸ் கார்டு என்பவள் கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்து படம் வரைகிறவள். வரைந்ததைத் தன் வாய் வழியாக வயரிடம் சொல்வாள். வயர் அதைக் கொண்டுபோய்த் திரையிடம் சொல்லும். திரை நமக்குக் காட்டும். அந்த உலகத்து நடைமுறை இவ்வளவுதான். இவளுக்கு வாய் மூன்று, மூன்றுக்கும் மூடி உண்டு. மற்ற இரண்டு மூடிகளும் தொழிற்சாலையிலேயே தூங்கிப்போனவை. கதை முடிகிற வரைக்கும் அவை எழுந்திருக்கப்போவதில்லை, அதனால் அவற்றை விட்டுவிடுவோம்.

நம் மூடி தூங்காத ரகம். அதைப் பொருத்திய கை, பொருத்தும்போது ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லியிருந்தது: "தூசி போகாமப் பாத்துக்க." மூடி அதைத் தலைமேல் வைத்துக்கொண்டது. கப்பலில் குலுங்கியபோதும், லாரியில் தூக்கிப் போட்டபோதும், மதுரையில் ஒரு கடை அலமாரியில் மாதக்கணக்காகக் காத்துக் கிடந்தபோதும் பிடியை அது தளர்த்தவே இல்லை.

"அண்ணே, வெளியில என்ன இருக்கு?" என்று கார்டு அடிக்கடி கேட்பாள்.

"தூசி."

"தூசியைத் தவிர?"

"தூசியைத் தவிர இன்னும் கொஞ்சம் தூசி. பேசாமத் தூங்கு தங்கம், அண்ணன் இருக்கேன்ல."

அவளும் தூங்குவாள். அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிற வயசு அவளுக்கு.

ஒரு சனிக்கிழமை அருப்புக்கோட்டையிலிருந்து ஞானகுரு என்பவர் வந்து கார்டை வாங்கினார். ஒரு நூற்பாலையில் மேஸ்திரி. கடைக்காரர் கொடுத்த பையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தான் கொண்டுவந்த துண்டில் பெட்டியைச் சுற்றினார். பஸ்ஸில் வழி முழுக்க மடியிலேயே வைத்திருந்தார். ரோட்டில் பள்ளம் வந்தால் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர், "கைப்பிள்ளையாண்ணே?" என்றுகூடக் கேட்டுவிட்டார். பெட்டிக்குள் இருந்த மூடிக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

"நம்ம ஆளு!" என்றது.

நம்ம ஆளேதான். வீட்டைப் பார்த்தால் தெரியும். சோபா வாங்கி ஆறு வருடம் ஆகியும் கடையில் சுற்றிக் கொடுத்த பாலித்தீன் பிரிக்கப்படவில்லை. உட்கார்ந்தால் சரசரவென்று சத்தம் போடும், வெயில் காலத்தில் முதுகோடு ஒட்டிக்கொண்டு வரும். ரிமோட்டுக்கு ஓர் உறை, அந்த உறை அழுக்காகாமல் இருக்க இன்னோர் உறை. சுவர்க் கடிகாரம் கண்ணாடிமேல் ஒட்டிவந்த நீலத் தாளோடு ஒன்பது வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. மணி தெரிய வேண்டுமென்றால் ஜன்னலோரம் போய் நின்று தலையைச் சாய்த்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும்விட ஞானகுரு பொத்திப் பொத்தி வைத்திருந்தது அவர் மனைவி அருணாதேவியைத்தான்.

அருணாதேவி வீடு வரைகிறவள். பாலிடெக்னிக்கில் படித்தவள். இனிமேல் கட்டப்போகிற வீட்டைக் கம்ப்யூட்டருக்குள் இப்போதே கட்டிவிடுவாள். வாசலில் நுழைந்து அறை அறையாக நடந்து பார்க்கலாம். அந்தப் பக்கத்தில் புதிதாக எழும்பிய எத்தனையோ வீடுகளின் முகம் அவள் கையில் பிறந்ததுதான். ஆனால் அது ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. "மதுரையில ஒரு ஆளு இருக்காரு, அவருதான் வரைஞ்சு குடுக்காரு" என்று ஞானகுரு எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். படத்தின் ஓரத்தில் அவள் பெயரையும் போடவிட மாட்டார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை, பொறாமைக்காரரும் இல்லை. பயந்த மனிதர். ஐந்து வருடத்துக்கு முன்னால் அவள் முதன்முதலாக வரைந்த வீட்டை ஆசை ஆசையாக மில்லுக்கு எடுத்துப்போய்க் காட்டினார். ஷிப்டு முழுக்கக் கூடி நின்று, "உன் வீட்டுக்காரி கைக்குத் தங்கக் காப்புப் போடணும்யா" என்றது. அதே வாரம் அவள் டைபாய்டு வந்து படுத்துவிட்டாள். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர், இது ஊர்க் கண்ணுதான் என்று முடிவுகட்டிவிட்டார். தண்ணீரில் வந்த கிருமி என்று டாக்டர் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை.

அன்றிலிருந்து அவள் வரைகிற ஒவ்வொரு வீட்டையும் முதலில் பார்ப்பவர் அவர்தான். கட்டுகிறவர்களுக்குக் கொடுத்தது போகத் தனக்கென்று ஒரு பிரிண்ட் எடுத்து, பாலித்தீன் உறையில் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டுவார். லீவு நாளில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பார். அருணாதேவி இதற்காகச் சண்டை போட்டதில்லை. அவள் வரைந்த வீடு கட்டி முடிந்து கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டால் மட்டும் தவறாமல் போவாள். தான் வைத்த ஜன்னல் முன்னால், யாரோ ஒரு விருந்தாளியாகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சாப்பிட்டுவிட்டு வருவாள்.

இப்போது எஸ்தர் டீச்சர் வீடு கட்டப்போகிறார். முப்பது வருடம் வாடகை வீட்டில் குப்பை கொட்டிய டீச்சர். அவருக்காக அருணாதேவி இரண்டு மாதமாக ஒரு வீடு வரைந்திருந்தாள். அவள் வரைந்ததிலேயே நல்ல வீடு அதுதான். ஆனால் அது பழைய கம்ப்யூட்டருக்கு மீறிய வீடு. வாசல் கதவைத் திறந்தால் போதும், படம் அப்படியே உறைந்து நின்றுவிடும்.

டீச்சர் கண்டிப்பானவர். "ஞாயித்துக்கெழம அஞ்சு மணிக்கு வர்றேன். உங்க மதுரைக்காரரு போட்ட வீட்டுக்குள்ள நான் நடந்து பாக்கணும். பாக்க முடியலன்னா கோவிச்சுக்காதீங்க, என் தம்பி சொல்ற கம்பெனிக்கே குடுத்துர்றேன். திங்கக்கெழம கடக்கால் தோண்ட ஆளு வருது" என்று சொல்லிவிட்டார்.

"இதுவும் போச்சுன்னா போதுங்க" என்று அருணாதேவி வெள்ளிக்கிழமை சொன்னாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "கம்ப்யூட்டர மூடிப் போட்டுட்டு தையல் மிஷினத் தொடச்சு வைக்கிறேன்."

அதைக் கேட்டுத்தான் ஞானகுரு சனிக்கிழமை முதல் பஸ்ஸில் மதுரைக்கு ஓடினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கம்ப்யூட்டரின் பக்கப் பலகையைக் கழற்றி, கார்டை இரண்டு கையிலும் ஏந்தி, ஞானகுரு அதன் இடத்தில் பொருத்தினார். 'டக்'கென்று உட்கார்ந்தது. கரண்டு வயரையும் தேடிப்பிடித்துச் சொருகினார். பின்பக்கம் வந்தபோது மூடிகள் கண்ணில் பட்டன.

"இந்தா பாரு அருணா, மூடியெல்லாம் போட்டுல்ல குடுத்திருக்கான். இருக்கட்டும், இருக்கட்டும், தூசி போகாது" என்று விரலால் இன்னும் கொஞ்சம் அழுத்திவிட்டார்.

கார்டு உள்ளே உட்கார்ந்து பலம் கொடுக்கும், படம் எப்போதும் போகிற வழியிலேயே போகும் என்பது அவர் நினைப்பு. திரைக்குப் போகிற வயர் பழைய இடத்திலேயே ஒழுங்காக இருந்தது. ஒழுங்காக இருப்பதை எதற்கு ஆட்டுவது என்று அதை அவர் தொடவே இல்லை.

கம்ப்யூட்டருக்குள் குடும்பத் தலைவி மதர்போர்டு. எல்லோருக்கும் பெரியம்மா. இத்தனை வருடமும் வீட்டு வேலை அத்தனையும் பார்த்துக்கொண்டு, படமும் தானே வரைந்து ஒப்பேற்றிக்கொண்டு இருந்தவள்.

"வா தாயி, வா" என்று கார்டை வரவேற்றாள். "எனக்கு இதுக்கு மேல முடியல. அந்த டீச்சர் வீட்டுக் கதவத் தெறந்தாலே மூச்சு வாங்குது. இனிமே படம் உன் பாடு. நீ வந்தப்புறம் நான் வாயத் தெறக்கிறது மரியாதை இல்ல. எங்க வழக்கம் அப்படி."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அந்த வாயில்தான் வயர் சொருகியிருந்தது. வயரிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஞானகுரு சாமியைக் கும்பிட்டு சுவிட்சைப் போட்டார். காற்றாடி சுற்றியது. சிவப்பு விளக்கு எரிந்தது. திரை கண் விழித்துப் பார்த்து, "சிக்னல் இல்லை" என்று சொல்லிவிட்டு இருண்டுபோயிற்று.

"என்னங்க?" என்றாள் அருணாதேவி.

"இரு, இரு. புதுசுல்ல, கூச்சப்படும்."

உள்ளே கார்டுக்குக் கூச்சமெல்லாம் இல்லை. பிறந்ததிலிருந்து காத்திருந்த வேலை. "அண்ணே, வரைஞ்சுட்டேன்! சொல்லட்டுமா?" என்றாள்.

"சொல்லு தங்கம்."

அவள் வாய் நிறையச் சொன்னாள். அவள் சொன்னதெல்லாம் வந்து மூடியின் உள்பக்கத்தில் மோதி அங்கேயே நின்றது.

அந்தப் பக்கம் வயர், "பெரியம்மா, சொல்லுங்க" என்று காத்திருந்தது. பெரியம்மா மூச்சு விடவில்லை. "எம்புட்டு நேரம் ஆனாலும் சரி, நான் உங்க வாயிலிருந்து கேட்டுத்தான் பழக்கம்" என்று வயரும் நகரவில்லை. "யாராவது ஏதாவது சொன்னாத்தானே நான் காட்ட முடியும்?" என்று திரை அலுத்துக்கொண்டது.

அன்று அந்த மனிதர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. கார்டைக் கழற்றி மறுபடி பொருத்தினார். சிக்னல் இல்லை. அதன் தங்கப் பல்வரிசையைப் பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்து, ஊதி, மறுபடி பொருத்தினார். சிக்னல் இல்லை. மெமரியைக் கழற்றி அதையும் தேய்த்தார். வட்ட பேட்டரியை எடுத்து, பத்து நிமிடம் உள்ளங்கையில் வைத்திருந்து திரும்பப் போட்டார். மில்லில் இருக்கிற எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டார். அவர், "ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றார். அதையும் ஒன்பது தடவை செய்தார். கார்டை எடுத்துவிட்டால் பழைய படம் வருகிறது. கார்டைப் போட்டால் இருட்டு. ஒவ்வொரு தடவை போடும்போதும் மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்து ஓர் அழுத்து அழுத்திவிட்டார்.

பன்னிரண்டு மணி வாக்கில் அருணாதேவி ஒன்று கவனித்தாள். திரை இருட்டாக இருந்தாலும், ஸ்பீக்கரில் கம்ப்யூட்டர் எழுந்திருக்கிற மணிச் சத்தம் கேட்டது.

"ஏங்க, உசுரு இருக்குங்க. படந்தான் வரல."

இருட்டுத் திரை முன்னால் உட்கார்ந்து, பழக்கத்தில் பாஸ்வேர்டை அடித்தாள். பழக்கத்திலேயே டீச்சர் வீட்டைத் திறந்தாள். இரண்டு மாதமாகத் தினமும் திறந்த வீடு, அதற்குக் கண் வேண்டியதில்லை. அம்புக்குறிப் பொத்தானை அழுத்திக்கொண்டே, தான் எந்த அறையில் இருக்கிறோம் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே அந்த வீட்டுக்குள் நடந்தாள். ஞானகுரு அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரத்தில்தான் மூடி அந்த வீட்டைப் பார்த்தது.

கார்டு ஒரு பிசிறு இல்லாமல் வரைந்து அனுப்பினாள். வாசல். வாசலில் செருப்பு விட ஒரு படி. வலதுபக்கம் கூடம். கூடத்து ஜன்னலில் இருந்து தரையில் விழுகிற வெயில், ஜன்னல் கம்பிகளின் நிழலோடு. நடக்க நடக்க அந்த வெயிலும் இடம் மாறியது. அப்புறம் அடுப்படி. அடுப்பு முன்னால் நின்றால் நேர் எதிரே ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்ப மரம். மரத்தின் ஒவ்வோர் இலையும் ஆடியது.

மூடி தன் வாழ்நாளில் தூசியைத் தவிர வேறு எதையும் நினைத்ததில்லை.

"எப்படிண்ணே இருக்கு?" என்று கார்டு கேட்டாள்.

"தங்கம்... அந்த மரம்..."

"நல்லா இருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்கும்மா."

"வெளியில இருக்கவங்க என்ன சொல்றாங்க?"

மூடி தன் பிடியை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டது.

"சொல்லுங்கண்ணே. பாத்துட்டு என்ன சொன்னாங்க?"

"நான் பாத்தேன்ல" என்றது மூடி.

"நீங்க பாத்தீங்க. வேற யாரு பாத்தா?"

"தூங்கு தங்கம்" என்றது மூடி. முதல்தடவையாக அவள் தூங்கவில்லை.

மூன்று மணிக்கு ஞானகுரு கடைக்காரருக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுத் தூக்கத்திலிருந்து எழுந்த குரல், "செத்த கார்டா இருக்கும் சார். நூத்துல ஒண்ணு அப்படி வர்றதுதான். நாளைக்குக் கொண்டாங்க, கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிட்டு வேற தர்றேன்" என்றது. போன் ஸ்பீக்கரில் இருந்தது. எல்லோருக்கும் கேட்டது.

"அண்ணே" என்றாள் கார்டு, மெதுவாக. "நான் செத்துட்டனா?"

"சீ, என்ன பேச்சு இது!"

"பின்ன ஏன் அப்படிச் சொல்றாங்க? நான் காலைலேருந்து வரைஞ்சுக்கிட்டேதான இருக்கேன்? சொல்லிக்கிட்டேதான இருக்கேன்?"

மூடிக்கு அந்த நிமிஷம் உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. இவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்த்தது எதற்காக? ஒரு தூசிகூட அவள்மேல் படவில்லை. அது உண்மை. அவள் சொன்ன ஒரு வார்த்தைகூட வெளியே போகவில்லை. அதுவும் உண்மை. இரண்டையும் செய்தது ஒரே ஆள், அந்த ஆள் தான்தான் என்று மூடிக்குப் புரிந்தது. அழ வேண்டும்போல இருந்தது. ரப்பருக்கு எங்கே அழ முடியும்?

நாலரை மணி. அருணாதேவி நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"விடுங்க. டீச்சருக்குப் போன் பண்ணி, அலைய வேண்டாம்னு சொல்லிருங்க."

"இன்னும் அரை மணி நேரம் இருக்கு அருணா."

"அரை மணி நேரத்துல என்னத்தப் பண்ணப் போறோம்? பாவம், நீங்களும் காலைலேருந்து சாப்பிடக்கூட இல்ல." அவள் சிரிக்கப் பார்த்தாள். "நம்ம மதுரைக்காரருக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லுங்க."

ஞானகுரு கார்டைக் கழற்றினார். வந்தபோது எப்படி ஏந்தினாரோ அப்படியே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். பெட்டியில் வைப்பதற்கு முன்னால், திருப்பி அனுப்பப்போகிற பொருளாக இருந்தாலும் சுத்தமாகப் போகட்டும் என்று துண்டால் துடைத்தார்.

"தங்கம்" என்றது மூடி. "அண்ணன் எறங்கிக்கிறேன்."

"ஐயோ! தூசி வருமே!"

"வரும்."

"அப்புறம் என்னை யாரு பாத்துக்குவா?"

"எல்லாரும் பாப்பாங்க. அதுக்குத்தான் எறங்குறேன்."

துண்டு இன்னொரு தடவை வந்தபோது மூடி தன் பிடியை விட்டது. கப்பலிலும் லாரியிலும் விடாத பிடி. அது உருண்டு ஞானகுருவின் உள்ளங்கையில் விழுந்தது.

"அடடா!" என்று அவர் பதறினார். உடனே அதைத் திரும்ப வைத்து அழுத்தப் போனார்.

"இருங்க" என்றாள் அருணாதேவி. "அது என்னங்க ஓட்டை?"

"எது?"

"மூடி இருந்த எடம்."

அவள் குனிந்து பார்த்தாள். கம்ப்யூட்டரின் பின்பக்கம் போய், வயரின் தலை சொருகியிருந்த இடத்தைப் பார்த்தாள். மறுபடி வந்து இதைப் பார்த்தாள். அதே அகலம், அதே சாய்ந்த ஓரம், அதே வாய்.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"காலைலேருந்து..." என்று ஞானகுரு ஆரம்பித்தார். "காலைலேருந்து நாந்தான் அதப் புடிச்சு அமுக்கிக்கிட்டே இருந்திருக்கேன், அருணா."

கார்டு மறுபடி உள்ளே போனாள். அருணாதேவி வயரைப் பிடித்து இழுத்தாள். வயர் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டது. அதுவரைக்கும் பேசாமல் இருந்த பெரியம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"போடா கிறுக்குப் பயலே. நான் சும்மா இருந்ததே அவளப் பேச விடுறதுக்குத்தான். நீ இங்கேயே தொங்கிக்கிட்டிருந்தா அவ பேச்சை யாரு கேக்குறது?"

வயர் கழன்று வந்து, மூடி இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டார்கள். திரை கண் விழித்தது. ஒரு நொடி இருட்டு. அந்த ஒரு நொடியில் ஞானகுரு மனைவியின் கையைப் பிடித்திருந்தார். அப்புறம் வெளிச்சம் வந்தது, மணிச் சத்தம் வந்தது, வாசலில் செருப்பு விடுகிற படியோடு எஸ்தர் டீச்சர் வீடு வந்தது. அருணாதேவி அம்புக்குறியை அழுத்தினாள். கதவு திறந்தது. படம் உறையவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே நடந்தாள்.

"பாக்குறாங்களாண்ணே?" என்று உள்ளேயிருந்து கார்டு கத்தினாள்.

மூடி அதைக் கேட்டது. அது அப்போது ஞானகுருவின் சட்டைப் பையில் இருந்தது. எதையும் தூக்கிப் போடுகிற பழக்கம் அவருக்கு ஏது? "பாக்குறாங்க தங்கம், பாக்குறாங்க" என்று பதில் சொன்னது. இனி அவளுக்கு அது கேட்குமோ கேட்காதோ.

சரியாக ஐந்து மணிக்கு எஸ்தர் டீச்சர் வந்தார். சரசரக்கிற சோபாவில் உட்காராமல் நின்றுகொண்டே பார்த்தார். வாசலில் நுழைந்தார். கூடத்தில் நடந்தார். அருணாதேவி பொத்தானை அழுத்த அழுத்த, டீச்சர் தலையைக் கொஞ்சம் முன்னால் நீட்டி நீட்டி அந்த வீட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தார். அடுப்படி வந்ததும், "நிப்பாட்டும்மா" என்றார்.

ஜன்னலுக்கு வெளியே வேப்ப மரம் ஆடியது.

டீச்சர் வெகுநேரம் அதையே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"எங்க இடத்துல அந்த மரம் இருக்கு. எங்க அம்மா நட்டது. வெட்டணும்னுதான் எல்லாரும் சொன்னாங்க. அடுப்பு முன்னாடி நின்னா மரம் தெரியணும்னு நான் யார்கிட்டயும் கேக்கலையே. கேக்கணும்னுகூட எனக்குத் தெரியல." அவர் ஞானகுரு பக்கம் திரும்பினார். "இந்த வீடுதான். வேற எங்கயும் நான் போகல. அந்த மதுரைக்காரரு பேரு என்னங்க? நான் ஒரு தடவ நேர்ல பாத்துக் கையெடுத்துக் கும்பிடணும்."

அருணாதேவி இதற்கெல்லாம் பழக்கப்பட்டவள். சாவிப் பலகையின்மேல் கையை வைத்துக்கொண்டு, திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஞானகுருவின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. அங்கே அந்தச் சின்ன ரப்பர் துண்டு விரலில் தட்டுப்பட்டது. காலையிலிருந்து எத்தனை தடவை அதை அழுத்தினோம் என்று அவருக்கு நினைவு வந்தது. ஐந்து வருடமாக அழுத்தி வைத்திருந்ததும் நினைவு வந்தது. வராந்தாவும், மருந்து வாசனையும், அந்தப் பதினெட்டு நாளும் கூடவே வந்தன.

"மதுரைக்காரருன்னு யாரும் இல்லைங்க டீச்சர்" என்றார். "இவதான். என் வீட்டுக்காரி. அருணாதேவி. இந்த வீட்டை மட்டுமில்ல, எல்லா வீட்டையும் இவதான் வரைஞ்சா."

அருணாதேவி திரும்பிப் பார்த்தாள். டீச்சர் இரண்டு கையையும் கூப்பியபடி அவள் பக்கம் வந்தார்.

சட்டைப் பைக்குப் பின்னால் அந்த மனிதரின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. மூடி அதன்மேல் சாய்ந்து, மெல்லச் சொன்னது:

"பயப்படாதய்யா. பிடிய விட்டப்போ எனக்கும் இப்படித்தான் அடிச்சுக்கிச்சு."